மேட்டுக்காட்டுத் தென்னங்கன்றுகள்

நம்மில் பல்லும் நினைவும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரன் பேத்திகள் படிக்க மாட்டார்கள். படித்தாலும், குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் என்று தெரிந்தே பிறந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று விளங்காது. உங்களுக்கு விளங்கும். கழுத்தில் குடத்தின் பாரம் இன்னும் இருக்கிறவர்கள் நீங்கள்.

சித்திரை மாதம் வந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் மாம்பழத்தையும் மாரியம்மன் நோம்பியையும் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்குச் சித்திரை என்றால் கோபம்தான் வரும். எங்கள் அப்பா செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் வெயில் ஏறினால் அவர்மேல் எனக்குக் கோபம் ஏறுகிறது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்டால், உயிரோடு இருந்தபோது பேச விடவில்லையே, அதனால் இப்போது எழுதுகிறேன் என்பதுதான் பதில்.

எங்கள் காடு எடப்பாடிக்கு வடக்கே, மேச்சேரி போகும் வண்டித்தடத்தை ஒட்டி இருந்தது. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுக்காடு. மழை பெய்தால் கம்பு, சோளம், கடலை. பெய்யாவிட்டால் ஆடுகள்தான் கதி. கிணறு ஒன்று இருந்தது. மாசி வரைக்கும் எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கலாம். அதற்குமேல் தண்ணீர் மொள்கிற தோல் சாலை இறக்கினால் சேறுதான் மேலே வரும். பங்குனி பிறந்துவிட்டால் படியிறங்கிப் போய், பாறை இடுக்கில் ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேர். ஆண்பிள்ளை கிடையாது. எங்கள் பண்ணையத்தில் வேலைக்கு இருந்த குடும்பம் மேட்டூரில் அணை கட்டுகிற கூலி வேலைக்குப் போனது. போனது போனதுதான், திரும்பவில்லை.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் பூலாம்பட்டிக்குக் கீழே, காவேரிக் கரையில். அங்கே மாமாவின் தோட்டத்தில் வாழையும் வெற்றிலைக் கொடியும் தென்னையுமாக எந்நேரமும் ஈரவாடை அடிக்கும். மாமாவின் மகனுக்குத்தான் அக்கா என்பது அக்கா தொட்டிலில் கிடந்தபோதே முடிவானது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நடந்திருக்கும். பெண்ணை யாரும் கேட்பதில்லை. ஆனால் அக்காவைக் கேட்டிருந்தாலும் அவள் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். மாமா ஊரிலிருந்து வண்டி வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்குக் காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொள்வாள். அம்மா கவனித்தும் கவனிக்காதது போல இருப்பாள்.

எல்லாம் கெட்டது ஒரு கிடாவெட்டு விருந்தில். மாமா ஊர்க் கோயிலில் கிடா வெட்டி உறவு, உறம்பரை எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மாமா வெள்ளை மனசுக்காரர், வாயைத் திறந்தால் கேலிதான். அப்பாவின் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு பந்திக்கே கேட்கும்படி சொன்னார்.

"என்ற தங்கச்சியத்தான் தண்ணியில்லாத காட்டுல குடுத்துப்போட்டோம் மாப்ளே. அவ புள்ளையாச்சும் தண்ணிக்கு வந்து சேரட்டுமுங்க. வர்ற தையில கண்ணாலத்தை வெச்சுக்கலாம்."

பெண் கேட்கிற விதம் அது. அன்பாகத்தான் கேட்டார். பந்தியே சிரித்தது, அம்மாகூடச் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினார். ஊருக்குத் திரும்பும்போது வண்டியில் ஏறாமல் எருதுகளுக்கு முன்னால் வழிநெடுக நடந்தே வந்தார். ஒரு மனிதனின் ரோசத்துக்கு எத்தனை பேர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

கற்கள் வந்தது அந்த வைகாசியில். அணை கட்டி முடிந்து தண்ணீர் தேக்கியிருந்த சமயம். காக்கிக் கால்சட்டை போட்ட ஒருவரும் சங்கிலி பிடிக்கிற ஆட்களும் வடக்கேயிருந்து நேர்கோடாக வந்தார்கள். கொடிக்கம்பு நட்டார்கள், மூன்றுகால் வைத்த கண்ணாடிக் குழாயில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் காட்டின் நடுவில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாகப் புதைத்துவிட்டுத் தெற்கே போய்விட்டார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. சர்க்கார் ஆட்களிடம் கேட்கிற தைரியமும் எங்களில் யாருக்கும் இல்லை. கேட்கத்தான் வேண்டுமா என்ன? அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மேட்டூர் என்றால் தண்ணீர் என்றுதான் அர்த்தம். கல் நட்டால் வாய்க்கால் வரப்போகிறது. சந்தையிலும் அதே பேச்சு, கோயிலிலும் அதே பேச்சு.

அம்மா ஒருத்திதான் ஒரு கேள்வி கேட்டாள். கல் வரிசை எங்கள் காட்டைத் தாண்டி நேராகக் கரட்டுக் குன்றின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறதே, தண்ணீர் எங்கேயாவது கரடு ஏறுமா என்றாள். வெள்ளைக்காரன் காவேரியையே மறித்தவன், கரட்டைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோக அவனுக்குத் தெரியாதா என்று அப்பா ஒரே சத்தம் போட்டார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அப்பாவைப் போல நிலத்தின் வாட்டம் பார்க்கிறவர் எங்கள் சுற்றுவட்டத்தில் கிடையாது. பாத்தி கட்டும்போது வெறுங்கண்ணால் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவார். அடுத்த காட்டுக்காரர்கள் வாய்க்கால் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் தன் காட்டுக் கல்லை மட்டும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை.

அம்மாவிடம் ஒருநாள் சொன்னார். "தண்ணி பாயட்டும். அதுக்குப் பொறவுதான் கண்ணாலம். தண்ணிக்காட்டுக்காரன் மகளாத்தான் என்ற புள்ளை அந்த ஊட்டுல காலெடுத்து வெப்பா."

நானும் அக்காவும் அடுப்படியில் இருந்தோம். இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அக்கா களி கிளறுவதை நிறுத்தவில்லை.

வாய்க்கால் கரையில் தென்னை வைப்பது எல்லாரும் செய்வது. ஆனால் வாய்க்கால் வந்தபிறகு வைப்பார்கள். அப்பாவுக்கு அவசரம். தண்ணீர் வந்தபிறகு நட்டால் காய்ப்புக்கு வர எட்டு வருஷம் வீணாகப் போகும், இப்போதே நட்டு வைத்தால் தண்ணீர் வரும்போது கரையில் மரம் நிற்கும் என்று கணக்குப் போட்டார். கல் வரிசைக்கு இரண்டு பக்கமும், நடுவில் வாய்க்காலுக்கு இடம் விட்டு, நாற்பது குழி எடுத்தார். சரளை மண்ணில் கடப்பாரை போட்டுப் போட்டு அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உழைக்கவில்லை என்று அவரை நான் சொல்ல மாட்டேன்.

கன்றுகளைக் கொடுத்தது மாமாதான். அப்பா கேட்கவில்லை, அம்மா சொல்லியனுப்பினாள். ஐப்பசி மழை ஈரத்தில் மாமாவின் மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மட்டை உரிக்காத காயிலிருந்து முளைத்து, இரண்டு மூன்று இலை விட்டு, கோழிக்குஞ்சு இறக்கையை விரித்தது போல இருந்த கன்றுகள். கூடவே ஆற்று மணல் ஒரு பாரம், கல் உப்பு ஒரு மூட்டை. மேட்டுக்காட்டில் கறையான் தின்றுவிடும் என்று குழிக்குள் சாம்பலும் உப்பும் மணலும் போட்டு அவரே இறங்கி நட்டார். அக்கா கன்றை எடுத்துக் கொடுக்க, அவர் குழிக்குள் வைத்து மண்ணைக் காலால் மிதிக்க, நான் மணல் அள்ளிப் போட்டேன். அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் கடைசிக் குழி முடிந்ததும் அவர் கை கழுவ அக்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். கை சுத்தமான பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொட்டாதே என்று அதட்டினார்.

முதல் கோடையை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கு வறள்கிறது. தை முடிய மழை ஈரத்தில் ஓட்டிவிட்டோம். பங்குனியில் கன்றுகளுக்கு அம்மாவும் அக்காவும் பனையோலையைக் குடை போல வளைத்துச் செருகி நிழல் கட்டினார்கள். குழிக்குள் ஆவாரந்தழையைப் பரப்பி ஈரத்தைப் பிடித்து வைத்தார்கள். பிறகு தண்ணீர். விடியற்காலையில் ஒரு வரிசை, வெயில் தாழ்ந்ததும் ஒரு வரிசை. கிணற்றில் இருபது இருபத்தைந்து படி இறங்கி மொண்டு, ஏறி, மேட்டில் நடந்து, கன்றுக்கு ஒரு குடம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்ததால் ஆடும் அடுப்பும் அவளோடு போயிற்று. தண்ணீர் அக்காவின் தலையில் விழுந்தது. நான் சின்னக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போவேன். பாதி வழியில் சிந்தி, பாதி கன்றுக்குப் போய்ச் சேரும்.

சும்மாட்டுத் துணிக்குள் அக்கா ஆவாரந்தழையை வைத்துச் சுருட்டிக்கொள்வாள். தலைக்குக் குளிர்ச்சி என்பாள். தழை வாடி, வியர்வையும் சேர்ந்து, அவள் தலையில் எந்நேரமும் ஒரு கசப்பு வாசனை இருந்துகொண்டே இருக்கும். சரளை சுட்டால் எருக்கிலையைப் பாதத்தில் வைத்து நாரால் கட்டிக்கொள்வோம். நாலு நடைக்குள் கிழிந்துவிடும். குழியில் தண்ணீரை ஊற்றினால் மண் ஒரு சத்தம் போடும் பாருங்கள், சூட்டுக் கல்லில் தோசை மாவு விழுந்தது போல. ஊற்றிய ஈரம் கண் முன்னாலேயே காய்ந்து போகும். குருத்துக்குள் தண்ணீர் விழுந்தால் அழுகிவிடும் என்று அக்கா குடத்தைச் சாய்த்து, விரல்களை விரித்துப் பிடித்து, விரலிடுக்கு வழியாகச் சுற்றிலும் ஊற்றுவாள். நான் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டால் திட்டு விழும். எங்கள் வீட்டில் என்னைத் திட்டத் தெரியாத ஒரே ஆள் அக்கா. தென்னங்கன்று விஷயத்தில் மட்டும் திட்டினாள்.

ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். கன்று பிழைத்து நின்றால்தான் கல்யாணம் நடக்கும். வாய்க்கால் எப்போது வரும் என்பது அவள் கையில் இல்லை. கன்று பட்டுப்போகாமல் பார்ப்பது மட்டும் அவள் கையில் இருந்தது. அதனால் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளோடொத்த பெண்கள் மஞ்சள் பூசிக்கொண்டு நோம்பிக்குப் போனபோது இவள் குடத்தோடு மேட்டில் நடந்துகொண்டிருந்தாள். உச்சந்தலையில் முடி தேய்ந்தது, முகம் கருத்தது. ஊரில் யாராவது அவளைப் பார்த்து, வயசுப் பிள்ளையை இப்படி வேகவைக்கிறீர்களே என்று அம்மாவிடம் கேட்டால், அம்மா அப்பாவைக் கை காட்டுவாள். அப்பாவிடம் கேட்டால் அவர் கல்லைக் காட்டுவார்.

கன்று நட்ட வருஷத்துத் தை வந்தது, போனது. வாய்க்கால் வரவில்லை. அடுத்த தைக்கு என்று மாமா பொறுத்தார். அதுவும் போனது.

இரண்டாவது கோடை முதல் கோடையை நல்லது என்று சொல்ல வைத்தது. ஐப்பசியே பொய்த்துவிட்டதால் மாசியிலேயே கிணறு அடி கண்டது. ஊற்று சுரக்கக் காத்திருந்து காத்திருந்து மொள்ள வேண்டும். அக்கா கிணற்றின் அடியிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் மேலே நின்று, ஊறிவிட்டதா என்று கேட்பேன். இல்லை என்று பாறைக்குள்ளிருந்து குரல் வரும். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் அப்பா பாதிப் பட்டியைச் சந்தைக்கு ஓட்டினார். கன்றுகளுக்கு மட்டும் குடம் குறையக்கூடாது என்றார். கன்றுகளும் அநியாயத்துக்கு நன்றாக நின்றன. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. சுற்றிலும் கொழுக்கட்டைப் புல் வைக்கோலாகக் காய்ந்து கிடக்க, நடுவே இரண்டு வரிசை பச்சை. வண்டித்தடத்தில் போகிறவர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்காது.

அந்தச் சித்திரையில்தான் மாமா வந்தார். தனியாக, தட்டில் வெற்றிலை பாக்கோடு. உங்களுக்கு முறை தெரியும். முறைப்பெண்ணை விட்டுவிட்டு வேறு இடத்தில் பெண்ணெடுப்பதாக இருந்தால் இப்படி வந்து கடைசியாகக் கேட்க வேண்டும். வெற்றிலையைத் தொட்டு எடுத்துக்கொண்டால் பெண் கொடுக்கிறோம் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

மாமா வந்த நேரம் வெயில் தாழ்கிற நேரம். அக்கா முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறிக்கொண்டிருந்தாள், நான் பின்னால். மாமா தடத்தில் எதிரே வந்து நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொடத்தை எறக்கு சாமி. சித்த ஒக்காரு," என்றார்.

"ஊத்திப்போட்டு வாரேனுங்க மாமா. இந்த ஒரு வரிசைதான்," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமா தட்டோடு வந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். தேதி குறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கால் நிற்கவில்லை, அக்காவை விட்டுவிட்டு மாமாவின் பின்னால் வீட்டுக்கு ஓடினேன். அதனால்தான் நடந்தது எனக்குத் தெரியும்.

மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தட்டை அப்பாவின் பக்கம் தள்ளி வைத்தார். அத்தை படுத்த படுக்கையாகிவிட்டதாகவும், வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்றும், ஆவணியில் முடித்துவிடலாம் என்றும் மெதுவாகவே சொன்னார். இரண்டு வருஷம் பொறுத்தவர்கள் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள், வாய்க்கால் வந்துவிடும் என்றார் அப்பா.

"வரட்டுமுங்க மாப்ளே. வந்தாலும் வராட்டியும் எனக்கு இவதானுங்க மருமக," என்றார் மாமா.

அதைவிட நல்ல வார்த்தையை ஒரு மனிதன் சொல்ல முடியுமா? அப்பாவின் காதில் அதில் பாதிதான் விழுந்தது. "வராதுன்னுதானே நெனைக்கறீங்க மச்சான்," என்றார். "தண்ணியில்லாத காட்டுக்காரன்னு உங்கூருப் பந்தியில இன்னொருக்காச் சிரிக்கோணும், அதானே."

மாமாவுக்கு அந்தப் பழைய கேலி ஞாபகமே இல்லை. என்ன சொல்கிறார் இவர் என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலையை எடுங்கள், எடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினாள். தட்டு அப்படியே இருந்தது. வெற்றிலை அந்தச் சூட்டில் ஓரம் சுருண்டுகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அம்மாவிடம், நான் வருகிறேன் அம்மணி என்று மட்டும் சொன்னார்.

அக்கா வரிசை முழுவதும் ஊற்றி முடித்துவிட்டு, முகம் கழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது.

நான் அவளிடம் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்? அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, காலையில் ஊற்றிய வரிசைக்கே மறுபடியும் போனாள். அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. தூரத்தில் அவள் போவதும் வருவதுமாக இருந்தாள்.

ஆவணியில் மாமாவின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் பவானிப் பக்கம், வயல்காட்டுப் பெண். உடன்பிறந்தாள் இல்லாமல் கல்யாணம் நடக்காதே, அம்மா போய்ச் சீர் செய்துவிட்டு வந்தாள். அப்பா போகவில்லை. அக்காவைப் போ என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆவணியும் காய்ந்துதான் கிடந்தது, கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியிருந்தது.

தை மாதம் இரும்பு வந்தது. லாரிகளிலும் மாட்டு வண்டிகளிலும் கட்டுக் கட்டாக இரும்புச் சட்டங்கள். அவற்றைக் கரட்டின்மேலேயே கொண்டுபோய் முடுக்கிக் கோபுரம் போல நிறுத்தினார்கள். எங்கள் காட்டுக் கல்லுக்கு அருகிலும் ஒன்று எழும்பியது. ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது. அதுவரைக்கும்கூட அப்பா, வாய்க்கால் வெட்டுகிற யந்திரத்தைத் தொங்கவிடத்தான் இந்தக் கோபுரம் என்று பக்கத்துக் காட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஓவர்சியர் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அப்பாவை மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கம்பி இழுக்கப்போகிறோம், கம்பிக்கு அடியில் உயரமாக வளர்கிற மரம் இருக்கக்கூடாது, தென்னைகளை எடுத்துவிடுங்கள், கம்பும் கடலையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"தண்ணி எப்பங்க வரும்?" என்று அப்பா கேட்டார்.

"எந்தத் தண்ணிங்க?"

அப்பா கல்லைக் காட்டினார். அந்த மனிதருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "இது கரண்டு லைனுங்க பெரியவரே," என்றார். "டவுன் மில்லுக்குப் போவுது."

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அக்காவை அடுத்த வைகாசியில் ஆத்தூர்ப் பக்கம் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தவளின் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்த வீடு. தலையில் முடி தேய்ந்த, வெயிலில் கருத்த பெண்ணுக்கு அதற்குமேல் இடம் அமையவில்லை. அவர்கள் பேசுகிற தமிழே எங்களுக்கு வேறு மாதிரி இருந்தது. அக்கா அங்கே நல்லபடியாகத்தான் இருந்தாள் என்று சொல்வது வழக்கம், நான் சொல்ல மாட்டேன். இருந்தாள், அவ்வளவுதான். சுதந்திரமெல்லாம் வந்து வெகுகாலம் கழித்துக் கால்வாயும் வெட்டினார்கள். எங்கள் காட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், பள்ளத்தில், தண்ணீர் போகவேண்டிய வழியில் போகிறது. அப்பா அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். தலைக்கு மேலே கம்பி ஓடிய எங்கள் வீட்டுக்கு விளக்கு வந்தது அதற்கும் பின்னால்தான். அப்பா தான் செய்தது தப்பு என்று அக்காவிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரு சாயங்காலத்தைப் பற்றி. அது அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால், ஓவர்சியர் வந்துபோன சில நாளில்.

கன்றுகளை வெட்ட அப்பாவுக்குக் கை வரவில்லை. வேறு இடத்தில் நட எங்களிடம் தண்ணீர் இல்லை. அம்மா யாரிடமும் கேட்காமல் மாமாவுக்குச் சொல்லியனுப்பினாள். மாமா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, வண்டியை அனுப்பினார். வண்டியோட்டிக்கொண்டு வந்தது மாமாவின் மகன். கூட அவர் பெண்டாட்டியும் வந்தாள். புதுப் பெண் மாப்பிள்ளை உறம்பரை வீடுகளுக்கு விருந்துக்குப் போகிற வழக்கம் உண்டே, எங்கள் வீட்டு விருந்து இன்னும் பாக்கி இருந்தது. இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று வந்துவிட்டார்கள்.

மத்தியானம் அம்மா கோழியடித்துச் சோறு போட்டாள். அக்காதான் பரிமாறினாள். வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் மேட்டுக்குப் போனோம். அப்பாவும் மாமாவின் மகனும் கன்றைச் சுற்றி மண்வெட்டியால் தோண்டி, வேர்மண் உதிராமல் தூக்கி வைக்க, அக்கா ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கில் சுற்றிப் பனைநாரால் கட்டி வண்டிக்குக் கொண்டுபோனாள். கன்றுகள் அவள் இடுப்புக்கு மேலே வளர்ந்திருந்தன. வண்டி மேலிருந்து அந்தப் பெண் கை நீட்டி வாங்கி அடுக்கினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். சூதுவாது தெரியாத முகம். அக்கா யார் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவள்மேல் கோபப்பட வேண்டும் என்று இருந்தது, முடியவில்லை.

குழிகளெல்லாம் வெறுமையாகி, இரண்டு வரிசைக்கும் நடுவில் அந்தக் கற்கள் மட்டும் வெள்ளையாக நின்றன. மாமாவின் மகன் எருதுகளின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்வதுபோல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பா வண்டியின் பின்பக்கம் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கியதையே மறுபடியும் அவிழ்த்து இறுக்கினார்.

அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்கக்கா. எங்கூட்டுல நெல்லுதான். இனிமே நாந்தான் இதுகளைப் பாத்துக்கோணும்னு மாமா சொல்லியிருக்காரு. எப்படித் தண்ணி ஊத்தோணும்னு சொல்லிக் குடுங்க."

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் கை கயிற்றில் நின்றது.

"வெயிலு எறங்குன பொறவு ஊத்து சாமி," என்றாள் அக்கா. "குருத்துல பட்டா அழுவிப்போவும். வெரலை விரிச்சு வெச்சுக்கிட்டு சுத்தி ஊத்தோணும், இப்படி." அவள் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து வைத்துக் காட்டினாள். "எடம் மாறுனதுல கொஞ்ச நாளைக்கு ஓலை வாடிக் கெடக்கும். அதுக்குப் பயந்துறாதே. வேரு புடிச்சுக்கும்."

பிறகு சாக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, எது மெதுவாகக் குடிக்கும், எதற்கு நிழல் அதிகம் வேண்டும், கறையான் வந்தது எது, அதற்கு என்ன செய்தாள் என்று சொன்னாள். அந்தப் பெண் மறந்துவிடப் போகிறோமே என்று வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், தெரியாததைத் திருப்பிக் கேட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.